கோள்கள், விண்வெளி பற்றிய டிவி ஆவணப்படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோள்கள், நிலவுகள், விண்மீன்கள் பற்றிய ஆவணப்படங்களை விரும்பிப் பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் எல்லாவற்றிலும் ஒரே ஒரு எண்ணம்தான் ஓடுகிறது. திரையில் தெரிவதில் கேமரா நிஜமாகவே எடுத்தது எது, கணினியில் வரைந்தது எது என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், இந்தப் படங்களைப் பார்க்கும் சுகமே வேறு.

புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

சூரியக் குடும்பத்திலிருந்து. பெருவெடிப்பு, கருந்துளை, பல அண்டங்கள் என்று தலைப்பிலேயே மிரட்டும் படங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவை மோசம் என்று சொல்லவில்லை. அங்கெல்லாம் எந்தக் கலமும் போனதில்லை என்பதால் அவற்றில் பெரும்பகுதி கணினிக் காட்சிகளாகத்தான் இருக்கும். கோள்களின் கதை அப்படியல்ல. பூமியைத் தவிர மற்ற ஏழு கோள்களுக்கும் பக்கத்தில் விண்கலங்கள் போய்ப் படம் எடுத்திருக்கின்றன. வெள்ளி, செவ்வாய், சனியின் நிலவான டைட்டன் ஆகியவற்றின் தரையில் இறங்கி எடுத்த படங்களும் நம்மிடம் இருக்கின்றன.

அதிலும், ஒரு மணி நேரத்தில் எல்லாக் கோள்களையும் சுற்றிக் காட்டும் படத்தைவிட, ஒரே ஒரு பயணத்தைப் பற்றிய படம் எப்போதும் ஒரு படி மேல் என்பேன். வாயேஜர் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1977-ல் இரண்டு கலங்கள் கிளம்பின. 1979-ல் வியாழன், 1980, 1981-ல் சனி. அதற்குப் பிறகு வாயேஜர் 2 மட்டும் தனியாக 1986 ஜனவரியில் யுரேனஸையும் 1989 ஆகஸ்ட்டில் நெப்டியூனையும் கடந்தது. இன்றுவரை அந்த இரண்டு கோள்களுக்கும் பக்கத்தில் போன ஒரே கலம் அதுதான். பன்னிரண்டு வருடம் அதனோடு வாழ்ந்தவர்கள் கேமரா முன்னால் உட்கார்ந்து பேசும்போது அந்தக் காத்திருப்பு நமக்கும் ஒட்டிக்கொள்கிறது. 1979 மார்ச்சில் லிண்டா மொராபிட்டோ என்ற பொறியாளர், கலத்தின் பாதையைச் சரிபார்ப்பதற்காக எடுத்த ஒரு படத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். வியாழனின் நிலவான அயோவின் விளிம்பில் மங்கலாக ஏதோ எழும்பியிருந்தது. பூமிக்கு வெளியே சீறிக்கொண்டிருக்கும் எரிமலையை மனிதர் பார்த்தது அதுதான் முதல்முறை. இப்படி ஒரு நிமிடம், எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தொட்டுப் போகும் படத்தில் கிடைக்காது.

குறிப்பாக ஏதாவது பெயர் சொல்ல முடியுமா?

வாயேஜருக்கு 2017-ல் வந்த 'தி ஃபார்தெஸ்ட்'. நிலவுப் பயணத்துக்கு 2019-ல் வந்த 'அப்போலோ 11'. இரண்டாவது படத்தில் பின்னணியில் விளக்கம் சொல்லும் குரலே கிடையாது. பிற்காலத்தில் எடுத்த பேட்டிகளும் இல்லை. 1969-ல் பதிவான காட்சிகளும் குரல்களும் மட்டுமே, அவற்றில் பல ஆவணக் காப்பகத்தில் பல்லாண்டுகள் வெளியே வராமல் கிடந்த அகலப் படச்சுருள்களிலிருந்து எடுத்தவை. பெரிய திரை இருந்தால் அதை அதற்கென்றே ஒதுக்கிப் பார்க்கலாம்.

தொடராக வேண்டும் என்றால் 1980-ல் 13 பகுதிகளாக வந்த கார்ல் சேகனின் 'காஸ்மோஸ்'. இதன் தகவல்களில் சில பழசாகிவிட்டன (கீழே பார்க்க). ஆனால் சேகன் வாயேஜரின் படக் குழுவிலேயே இருந்தவர். வியாழன் படங்கள் வந்த புதிதில் எடுத்த தொடர் என்பதால் அதிலுள்ள பரவசம் நடிப்பல்ல. பிபிசியில் 1957-ல் தொடங்கி இன்றுவரை வரும் 'தி ஸ்கை அட் நைட்' நிகழ்ச்சியும் நல்லது. அதில் ஆரவாரம் குறைவு, வானத்தைப் பற்றிய பேச்சு அதிகம்.

காட்டுவதெல்லாம் நிஜப் படமா?

இல்லை. பெரும்பாலான படங்களில் மூன்று வகைக் காட்சிகள் கலந்து வரும். விண்கலம் அல்லது தொலைநோக்கி எடுத்த நிஜப் படம் ஒன்று. நிஜ அளவீடுகளை வைத்துக் கணினியில் உருவாக்கிய காட்சி இரண்டாவது. ஓவியரின் கற்பனை மூன்றாவது. மூன்றும் அடுத்தடுத்து வருவதால் பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது. திரையின் மூலையில் எது எந்த வகை என்று எழுதிக் காட்டும் படங்கள் மிகக் குறைவு. எல்லாரும் அப்படிச் செய்ய வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை.

சனியின் வளையங்களுக்குள் கேமரா நுழைந்து பனிக்கட்டிகளுக்கு நடுவே மிதந்து போகும் காட்சியை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு படத்தை எந்தக் கலமும் எடுத்ததில்லை. 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிய காசினிகூட வளையத்தின் சாதாரணக் கட்டிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்ததில்லை. வளையம் வழியாக வானொலி அலையை அனுப்பி, அது எப்படி மாறி வருகிறது என்று பார்த்துத்தான் கட்டிகளின் அளவைக் கணித்தார்கள். ஆக, அந்தக் காட்சி இரண்டாவது வகை. வளையங்கள் பெரும்பாலான இடங்களில் சுமார் 10 மீட்டர் தடிமன்தான் என்பதும் அப்படிப்பட்ட அளவீடுகளிலிருந்து தெரிந்ததே. முக்கிய வளையங்களின் குறுக்களவோ இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கும் மேல்.

வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களைக் காட்டினால், அதில் கடலோ மலையோ தெரிந்தால், அது முழுக்க மூன்றாவது வகை. டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பதை 2017-ல் அறிவித்தார்கள். அவற்றுக்கு அழகழகான ஓவியங்கள் வந்தன. நம்மிடம் உண்மையில் இருப்பது, அந்தக் கோள்கள் குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி எவ்வளவு குறைகிறது என்ற அளவீடுதான். வெளிக்கோள்கள் எனப்படும் இப்படி வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களில் நேரடியாகப் படம் எடுக்க முடிந்தவை கொஞ்சமே, அவையும் வெறும் ஒளிப்புள்ளிகள். ஆனால் அந்தப் புள்ளிகளில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. எச்ஆர் 8799 என்ற விண்மீனின் நான்கு கோள்கள் தம் பாதையில் நகர்வதைப் பல ஆண்டுகளாக எடுத்த படங்களைக் கோத்துச் சின்னக் காணொளியாக்கியிருக்கிறார்கள். நான்கே நான்கு புள்ளிகள், மெதுவாகச் சுற்றுகின்றன. எந்த ஓவியத்தையும்விட எனக்கு அது பெரிது.

எதிர்ப்பக்கமும் உண்டு. அனிமேஷன் என்று நாம் நினைத்துக் கடந்துவிடும் சில காட்சிகள் நிஜம். வியாழனின் மேகப் பட்டைகள் எதிரெதிர்த் திசையில் ஓடும் பழைய காட்சி 1979-ல் வாயேஜர் 1 நெருங்கிக்கொண்டே எடுத்தது. வியாழன் தன்னைத்தானே சுற்ற சுமார் 10 மணி நேரம் ஆகும், சுற்றுக்கு ஒரு படம் என்று எடுத்துக் கோத்தது. 2021 பிப்ரவரியில் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கும்போது பாரசூட் விரிவதும், மேலிருந்து கயிற்றில் ஊர்தி இறங்குவதும், தரையில் தூசு பறப்பதும் எல்லாமே நிஜக் கேமராக்கள் எடுத்தவை. அதற்கு முன் 2012-ல் கியூரியாசிட்டி இறங்கியதைக் காட்டும்போது பெரும்பாலும் அனிமேஷனையே பார்த்திருப்பீர்கள், ஏனென்றால் அதில் கீழ்நோக்கிய ஒரு கேமராதான் இறக்கத்தைப் பதிவு செய்தது. பெர்சிவரன்ஸின் பாரசூட்டில் சிவப்பும் வெள்ளையுமாக ஒழுங்கில்லாமல் ஒரு கோலம் தெரியும். அது இரும எண்களில் எழுதிய ஒரு வாசகம். காட்சி வெளியான சில மணி நேரத்திலேயே ஆர்வலர்கள் அதைப் படித்துவிட்டார்கள்.

நிஜப் படத்தைப் பார்த்தவுடன் அடையாளம் காண வழி உண்டா?

உண்டு. ஒவ்வொரு கருவியும் தன் கைரேகையை விட்டுப் போகிறது. கொஞ்ச நாள் பழகினால், குரல் சொல்வதற்கு முன்பே இது இன்ன தொலைநோக்கி என்று சொல்லிவிடலாம்.

விண்மீனைச் சுற்றி நான்கு கூரான கதிர்கள் இருந்தால் அது பெரும்பாலும் ஹப்பிள். ஆறு பெரிய கதிர்களும் குறுக்கே இரண்டு சின்னக் கதிர்களும் இருந்தால் ஜேம்ஸ் வெப். அதன் கண்ணாடி அறுகோணத் துண்டுகளால் ஆனது, அந்த வடிவமும் முன்னால் நிற்கும் தாங்குகால்களும் சேர்ந்துதான் அந்தக் கதிர்களை உண்டாக்குகின்றன. அப்போலோ விண்வெளி வீரர்கள் நிலவில் எடுத்த புகைப்படங்களில் சின்னச் சின்னக் கூட்டல் குறிகள் இருக்கும். கேமராவுக்குள் இருந்த கண்ணாடித் தட்டில் பொறித்த அளவுக்குறிகள் அவை. வாயேஜரின் பதப்படுத்தாத படங்களில் இதே வேலைக்காக வரிசையாகக் கரும்புள்ளிகள் இருக்கும். வெள்ளியின் தரையைக் காட்டும்போது தொடுவானம் சாய்ந்து வளைந்து தெரிந்தால் அது சோவியத் வெனேரா கலங்கள் எடுத்த நிஜப் படம். வெனேரா 13 1982 மார்ச்சில் இறங்கி, 450 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் 127 நிமிடம் உயிரோடு இருந்து வண்ணப் படம் அனுப்பியது. அந்தப் படம் திரையில் வந்தால் தயவுசெய்து நிறுத்தி வைத்துப் பாருங்கள். காலடியில் தட்டையான பாறைகள், ஓரத்தில் கலத்தின் பல்வெட்டு விளிம்பு. உருகும் உலையில் நின்று ஒரு இயந்திரம் எடுத்தது.

கேமரா ஒரு கோளைச் சுற்றி வளைந்து வளைந்து பறந்தால், அது கணினி. விண்கலம் அப்படி வளையாது. ஒரே ஷாட்டில் கோளும் கலமும் சேர்ந்து தெரிந்தாலும் பெரும்பாலும் கணினிதான், கலத்தை வெளியிலிருந்து படம் பிடிக்க அங்கே ஆள் கிடையாது. செவ்வாய் ஊர்திகளின் 'செல்ஃபி' இதற்கு விதிவிலக்கு. ஊர்தியின் கையில் உள்ள கேமரா பல படங்கள் எடுக்கிறது, அவற்றை ஒட்டும்போது கை மட்டும் காணாமல் போய்விடுகிறது.

நிலவில் எடுத்த படங்களில் வானத்தில் ஏன் நட்சத்திரமே இல்லை?

வெயிலில் பளிச்சென்று இருக்கும் தரைக்கு ஏற்ப கேமராவின் எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விழும் ஒளியின் அளவை, குறைத்து வைத்திருந்தார்கள். அந்த அளவில் மங்கலான நட்சத்திரங்கள் பதியாது.

அப்போலோ 17 நிலவிலிருந்து கிளம்பும்போது கேமரா மேலே திரும்பித் தொடர்கிறதே, அதைத் திருப்பியது யார்?

பூமியிலிருந்தவர்தான். 1972 டிசம்பரில் ஹூஸ்டனில் உட்கார்ந்திருந்த எட் ஃபெண்டல், நிலவில் விட்டு வந்த காரில் பொருத்தியிருந்த டிவி கேமராவை ரிமோட்டில் இயக்கினார். கட்டளை நிலவைச் சேர ஒரு நொடிக்கு மேல், காட்சி திரும்பி வர இன்னொரு நொடிக்கு மேல் ஆகும். பார்த்துத் திருப்பினால் தவறிவிடும் என்பதால், கிளம்பும் நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டு முன்கூட்டியே கட்டளைகளை அனுப்பினார். அதற்கு முந்தைய இரண்டு பயணங்களில் இது சரியாக அமையவில்லை, இந்த முறை அமைந்தது.

நிறங்கள் உண்மையா?

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. படத்துக்குப் படம் மாறும்.

நெப்டியூனை எல்லாரும் ஆழ்ந்த நீலமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். வாயேஜர் 2 எடுத்த படங்களில் மேகங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அன்றைக்கு நிற வேறுபாட்டைக் கூட்டித்தான் வெளியிட்டார்கள். அதைச் சொல்லியும் இருந்தார்கள். காலப்போக்கில் படம் நின்றது, குறிப்பு மறைந்தது. 2024 ஜனவரியில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று பழைய தரவுகளைத் திருத்தி அமைத்து வெளியிட்டது. நெப்டியூன் யுரேனஸைப் போலவே வெளிறிய பச்சை கலந்த நீலம், ஒரு சின்னச் சாயல் மட்டும் கூடுதல் நீலம். இனி ஒரு படத்தில் கரு நீல நெப்டியூன் வந்தால் அது பழைய பதப்படுத்தல் என்று தெரிந்துகொள்ளலாம்.

வெள்ளியின் ஆரஞ்சு நிற மலைகள் இன்னும் சுவாரசியம். வெள்ளியின் கனத்த மேகத்தை ஊடுருவிச் சாதாரணக் கேமராவால் தரையைப் பார்க்க முடியாது. 1990-களின் தொடக்கத்தில் மகெல்லன் கலம் ரேடார் மூலம் அந்தக் கோளின் 98 சதவீதத்தை வரைபடமாக்கியது. ரேடாருக்கு நிறமே கிடையாது. வெனேரா தரையிலிருந்து காட்டிய ஆரஞ்சை எடுத்துப் பூசினார்கள். மலைகளின் உயரத்தையும் பல மடங்கு கூட்டினார்கள். மாட் மோன்ஸ் என்ற எரிமலை ஊசி போல் நிமிர்ந்து நிற்கும் புகழ்பெற்ற காட்சியில் அப்படித்தான். நேரில் பார்த்தால் அது மிக அகலமான, மெல்லச் சரிந்து ஏறும் மேடு.

தொலைநோக்கிப் படங்களில் நிறம் பெரும்பாலும் ஒரு மொழிபெயர்ப்பு. ஹப்பிள் 1995-ல் எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தில் சிவப்பு கந்தகத்தையும் பச்சை ஹைட்ரஜனையும் நீலம் ஆக்சிஜனையும் குறிக்கின்றன. ஜேம்ஸ் வெப் எடுப்பது அகச்சிவப்பு, நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. நீண்ட அலைகளுக்குச் சிவப்பு, குறுகியவற்றுக்கு நீலம் என்று வரிசை மாறாமல் நிறம் கொடுக்கிறார்கள். இதை ஏமாற்று என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் பின்னால் ஓர் அளவீடு இருக்கிறது. அது எது என்று படம் சொல்லாமல் விடுவதுதான் குறை.

செவ்வாய்? 1976-ல் வைக்கிங் 1 அனுப்பிய முதல் வண்ணப் படத்தை முதலில் நீல வானத்தோடு காட்டிவிட்டு, கலத்தில் இருந்த நிற அட்டையை வைத்துச் சரிபார்த்த பிறகு வெளிர் ஆரஞ்சாக மாற்றினார்கள். பகலில் தூசு நிறைந்த மஞ்சள் பழுப்பு வானம், சூரியன் மறையும்போது அதைச் சுற்றி நீலம். நம் வானத்துக்கு நேர்மாறு. நீலச் சூரிய அஸ்தமனத்தைத் திரையில் பார்த்தால் சந்தேகப்பட வேண்டாம், அது நிஜம்.

விண்வெளியில் ஒலி கிடையாது என்கிறார்கள். பிறகு ஏன் விண்கலம் 'விர்'ரென்று போகிறது?

அந்த ஒலி ஸ்டுடியோவில் சேர்த்தது. வெற்றிடத்தில் ஒலி பரவாது. 'கோளின் ஒலி', 'கருந்துளையின் பாட்டு' என்று வருபவை பெரும்பாலும் வானொலி அலைகளையோ வேறு அளவீடுகளையோ காதுக்குக் கேட்கும்படி மாற்றியவை. கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே போனால் அது கேட்காது.

காற்று இருக்கும் இடம் வேறு. செவ்வாயில் பெர்சிவரன்ஸின் மைக்ரோஃபோன்கள் காற்று வீசுவதையும், தன் சக்கரங்கள் கல்லில் உராய்வதையும், சின்ன ஹெலிகாப்டரான இன்ஜெனுயிட்டியின் ரீங்காரத்தையும் பதிவு செய்திருக்கின்றன. அங்கே ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 240 மீட்டர், பூமியில் சுமார் 340. கீச்சென்ற ஒலி கனத்த ஒலியைவிடக் கொஞ்சம் முன்னதாகவே வந்து சேரும் என்பதும் அந்தப் பதிவுகளில் தெரிந்தது. நல்ல இயர்போனில் கேட்க வேண்டிய ஒலி அது.

சிறுகோள் பட்டை உண்மையிலேயே அவ்வளவு நெரிசலா?

துளிகூட இல்லை. பாறைகள் இடித்துக்கொள்ளும் காட்சி வந்தாலே கற்பனை என்று வைத்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள இந்தப் பட்டையின் பாறைகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் நம் நிலவின் நிறையில் சுமார் 3 சதவீதம்தான் தேறும். அதுவும் மிகப் பெரிய வெளியில் சிதறிக் கிடக்கிறது. 1970-களில் பயனியர் 10 கலம் முதன்முதலாக அதைக் கடந்தபோது ஒரு பயம் இருந்தது. அதற்குப் பிறகு போன கலங்கள் எல்லாம் எதிலும் மோதாமல் போய்விட்டன. ஒரு சிறுகோளைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்றால் அதற்கென்று குறிவைத்துத்தான் போக வேண்டும்.

கோள்கள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது போலவே காட்டுகிறார்களே?

வேறு வழியில்லாமல்தான். சரியான அளவில் வரைந்தால் திரையில் ஒன்றுமே தெரியாது. சூரியனை 1 மீட்டர் பந்தாக வைத்துக்கொண்டால், பூமி சுமார் 107 மீட்டர் தள்ளி இருக்கும் 9 மில்லிமீட்டர் மணி. வியாழன் அரைக் கிலோமீட்டருக்கும் அப்பால் 10 சென்டிமீட்டர். நெப்டியூன் 3 கிலோமீட்டருக்கு மேல். இந்தக் கணக்கில் மிக அருகிலுள்ள அடுத்த விண்மீனுக்கு சுமார் 29,000 கிலோமீட்டர் போக வேண்டும்.

நிலவையும் பூமியையும்கூட ஒட்டி வைத்தே காட்டுவார்கள். இடையில் சுமார் 30 பூமிகளை வரிசையாக அடுக்கலாம்.

பழைய ஆவணப்படங்களைப் பார்ப்பதில் பயன் உண்டா?

நிறைய. எடுத்த வருடத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். 2006 ஆகஸ்ட்டுக்கு முந்தைய படத்தில் ஒன்பது கோள்கள் இருக்கும், அந்த மாதம்தான் புளூட்டோவைக் குறுங்கோளாக மாற்றினார்கள். 2015 ஜூலைக்கு முந்தைய படத்தில் புளூட்டோ ஒரு மங்கலான உருண்டை. அந்த மாதம் 14-ம் தேதி நியூ ஹொரைசன்ஸ் கலம் கடந்து போன பிறகுதான் அதன் இதய வடிவப் பனிச் சமவெளி நமக்குத் தெரிந்தது. 1995-க்கு முன் எடுத்த படங்களில் சூரியனைப் போன்ற வேறு விண்மீன்களுக்குக் கோள்கள் 'இருக்கலாம்' என்பார்கள். அந்த வருடம் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் முதலாவதைக் கண்டுபிடித்தார்கள். 2025-ல் உறுதியான வெளிக்கோள்களின் எண்ணிக்கை 6,000-ஐ எட்டியது. 1998-க்கு முந்தைய படங்களில் அண்டத்தின் விரிவு வேகம் கூடிக்கொண்டே போகிறது என்ற பேச்சே இருக்காது. சனிக்கு எத்தனை நிலவுகள் என்று யார் சொன்னாலும் வருடத்தைக் கேளுங்கள். 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 நிலவுகள் சேர்ந்து மொத்தம் 274 ஆனது.

வியாழனின் பெருஞ்செம்புள்ளிக்குள் மூன்று பூமிகள் அடங்கும் என்ற வாசகமும் இப்படித்தான். 19-ம் நூற்றாண்டில் அது சுமார் 40,000 கிலோமீட்டர் அகலம். வாயேஜர் போனபோது 23,000-க்கு அருகில். இப்போது பூமியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இங்கே முன்பு சொன்னவர்கள் தவறவில்லை. கோள்தான் மாறியிருக்கிறது.

ஒரே விஷயத்தைப் பற்றி வெவ்வேறு பத்தாண்டுகளில் வந்த இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்ப்பது நான் எல்லாருக்கும் சொல்லும் யோசனை. டைட்டனைப் பற்றி 1990-களில் எடுத்ததையும் 2005-க்குப் பிறகு எடுத்ததையும் பாருங்கள். முதலாவதில் ஆரஞ்சு மூட்டத்துக்குள் என்ன இருக்கிறதோ என்று விஞ்ஞானிகள் ஊகிப்பார்கள். 2005 ஜனவரி 14-ம் தேதி ஹைகன்ஸ் கலம் அந்த மூட்டத்தின் வழியே இறங்கி, உருண்டையான பனிக்கற்கள் சிதறிய ஒரு சமவெளியைக் காட்டியது. முதல் படத்தில் பேசியவர்களில் சிலர் இரண்டாவதிலும் வருவார்கள். அவர்கள் முகத்தைக் கவனியுங்கள்.

சில படங்கள் பயமுறுத்துகின்றன. பூமி அழியப்போகிறது என்றே எல்லாவற்றிலும் சொல்கிறார்களே?

விளம்பர இடைவேளைக்கு முன் பார்ப்பவரைப் பிடித்து வைக்க அது சுலபமான வழி. காலத்தைக் கேளுங்கள், பயம் தணியும். சூரியன் பருத்துச் செம்பூதமாவதற்கு இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகள் உள்ளன. ஆண்ட்ரோமீடா கேலக்ஸி நம்முடைய பால்வெளியோடு மோதுவது உறுதி என்று பல படங்கள் சொல்கின்றன. 2025-ல் வந்த ஓர் ஆய்வு, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் அது நடக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்புதான் என்கிறது.

அபோஃபிஸ் சிறுகோள் 2004-ல் கண்டுபிடித்த புதிதில் 2029-ல் பூமியில் மோதக்கூடும் என்று பேசப்பட்டது. அந்தக் காலத்துப் படங்களில் அது வில்லனாகவே வரும். பிறகு பாதையைத் துல்லியமாக அளந்தார்கள். இன்னும் குறைந்தது நூறு ஆண்டுகளுக்கு ஆபத்தில்லை என்பது 2021-ல் ரேடார் அளவீடுகளால் உறுதியாயிற்று. 2029 ஏப்ரல் 13 அன்று அது பூமியின் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்து போகும். உலகின் சில பகுதிகளில் வெறும் கண்ணுக்கே தெரியும். 2022 செப்டம்பரில் டார்ட் கலம் டிமார்ஃபோஸ் என்ற சின்னச் சிறுகோளில் வேண்டுமென்றே மோதி, அது சுற்றும் நேரத்தை அரை மணி நேரத்துக்கு மேல் குறைத்துக் காட்டியதையும் பயந்தவர்களுக்குக் காட்டுங்கள். மோதும் கடைசி நொடி வரை வந்த படங்கள் எல்லாம் நிஜம், கற்கள் திரையை நிரப்பிக்கொண்டே வந்து சட்டென்று நின்றுவிடும்.

குழந்தைகளோடு பார்க்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

முழுதாகப் பார்க்க வைக்க வேண்டாம். இருபது நிமிடம் போதும். நடுவில் நிறுத்தி, 'இது கேமராவா, வரைந்ததா?' என்று கேளுங்கள். பிள்ளைகள் இதில் பெரியவர்களைவிட வேகமாகத் தேறிவிடுவார்கள். அழிவுக் காட்சிகள் உள்ள படங்களைப் படுக்கப் போகும் நேரத்தில் போட வேண்டாம்.

எண்கள் வரும்போது மட்டும் உதவுங்கள். மில்லியன் என்றால் 10 லட்சம், பில்லியன் என்றால் 100 கோடி. டப்பிங்கிலும் சப்டைட்டிலிலும் இந்த இரண்டும் இடம் மாறுவது உண்டு. சூரியன் 460 கோடி ஆண்டு பழையது என்பது போன்ற ஒன்றிரண்டு எண்களை மனதில் வைத்திருந்தால் பிழை உடனே கண்ணில் படும். ஒளியாண்டு என்பது தூரம், காலம் அல்ல. இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

டிவியில் என்ன செட்டிங் வைக்கலாம்?

அறை விளக்கை அணையுங்கள். இந்தப் படங்களில் பாதித் திரை கறுப்பு, அறை வெளிச்சமாக இருந்தால் அது சாம்பலாகிவிடும். 'விவிட்' போன்ற பளிச் மோடை விட்டு 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோடுக்கு மாறுங்கள், ஏற்கெனவே கூட்டிய நிறத்தை டிவியும் கூட்ட வேண்டாம். அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள். பழைய அப்போலோ படச்சுருள்களை அது பிளாஸ்டிக் மாதிரி ஆக்கிவிடும். கருவானத்தில் படிக்கட்டு போலக் கோடுகள் தெரிந்தால் அது பெரும்பாலும் இணைய வேகம் குறைந்து படத்தின் தரவைச் சுருக்கி அனுப்புவதால் வருவது.

படம் பார்த்த பிறகு இன்னும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தால்?

மூலப் படங்களுக்கே போங்கள். நாசா தன் பல கலங்களின் பதப்படுத்தாத படங்களை இலவசமாக வெளியிடுகிறது. 2016 முதல் வியாழனைச் சுற்றும் ஜூனோ கலத்தின் கேமரா இதில் தனி ரகம். அது பொதுமக்களுக்கென்றே பொருத்தப்பட்டது. படங்கள் இறங்கியதும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பதப்படுத்தித் திருப்பிப் பதிவேற்றலாம். ஆவணப்படங்களில் வரும் வியாழனின் நீலச் சுழல்களில் பல, சம்பளம் வாங்காத ஆர்வலர்கள் வீட்டுக் கணினியில் செய்தவை. நிறம் கூட்டியவைதான், ஆனால் சுழல்கள் நிஜம்.

அப்புறம் வெளியே போய் மேலே பாருங்கள். சாதாரண பைனாகுலரைக் கையசையாமல் பிடித்தால் வியாழனுக்குப் பக்கத்தில் கலிலியோ 1610-ல் பார்த்த நான்கு நிலவுகளும் தெரியும். அவற்றில் ஒன்று அயோ, மொராபிட்டோ எரிமலை கண்ட அதே நிலவு. சனியின் வளையத்துக்குச் சின்னத் தொலைநோக்கி வேண்டும், 25 மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் போதும்.

அடுத்து வரப்போகும் எந்தப் பயணங்களைத் தொடர்ந்து கவனிக்கலாம்?

வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனி மேலோட்டுக்குக் கீழே கடல் இருப்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. அதை ஆராய 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் 2030 ஏப்ரலில் வியாழனைச் சேர வேண்டும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஜூஸ் 2023 ஏப்ரலிலேயே கிளம்பிவிட்டது, 2031-ல் சேரும், அதன் முக்கிய இலக்கு வியாழனின் இன்னொரு நிலவான கனிமீடு. இந்த இரண்டைப் பற்றியும் கிளம்பும் முன் எடுத்த படங்கள் இப்போதே கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்து வையுங்கள். அவற்றில் வரும் யூரோப்பா காட்சிகளில் எவை 1990-களில் கலிலியோ கலம் எடுத்தவை, எவை வரைந்தவை என்று குறித்துக்கொண்டால், புதிய படங்கள் வந்து இறங்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் கையிலேயே ஒரு பட்டியல் இருக்கும்.